நல்ல பீஸ் ஊரில் தங்காது

நஸ்ருதீன் பாய்க்கு நான் முந்நூற்று ஐம்பது ரூபாய் தர வேண்டியிருந்தது. இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு என் மகள் வேல்விழியோடு உட்கார்ந்து, காலேஜ்களை வரிசைப்படுத்திப் பதிந்து கொடுத்த கூலி. அவர் கேட்கவேயில்லை. ஆனால் கடன் வைத்து எனக்குப் பழக்கமில்லை. அவர் கம்ப்யூட்டர் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உறுத்தலாக இருந்தது.

ஆஷா டீச்சர், போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, உங்கள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த பிள்ளை ஏன் பனியன் கம்பெனியில் நிற்கிறாள் என்று கேட்டீர்கள். அவளை வைத்துக்கொண்டு என்னால் வாய் திறக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பிழை இருந்தால் என் மேல் போட்டுக்கொள்ளுங்கள், அவள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

நான் பார்ப்பது செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை மேசையில் விரித்து, ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் விழுந்த பீஸ் கப்பல் ஏறாது. செகண்ட்ஸ் என்று ஒதுக்கி, இங்கேயே சல்லிசாகக் கொடுத்துவிடுவார்கள். வேல்விழி ஒன்றாம் வகுப்பு படித்தபோது மஞ்சளில் ஒரு கவுன் வந்தது. அதை அவளுக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். பிசிறு வெட்டும் டிரிம்மரால் கக்கத்தில் ஒரே ஒரு கண்ணியை அறுத்தேன். ஸ்டிக்கரை ஒட்டினேன். சாயங்காலம் அது என் பையில் இருந்தது. வீட்டில் வைத்துத் தைத்துவிட்டேன், அறுத்த இடம் எனக்கே தெரியவில்லை. நல்ல பீஸ் ஊரில் தங்காது டீச்சர். தங்க வேண்டுமானால் எங்காவது ஒரு கண்ணி போக வேண்டும்.

அவள் அப்பா காசிமாயனும் தங்கவில்லை. திருவிழாவுக்கு உசிலம்பட்டி போகிறேன் என்று போனவர், அங்கேயே வேறொருத்தியோடு இருந்துவிட்டார். அன்றைக்கு அழுத என்னிடம் வேல்விழி ஒரு வாக்குக் கொடுத்தாள். "நான் கோயம்புத்தூர்லதாம்மா படிப்பேன். காலையில ரயிலு, ராத்திரி உன் சோறு." நான் கேட்டு வாங்கிய வாக்கில்லை, அவளாகக் கொடுத்தது.

பாய் கடையில் காலேஜ் வரிசை போட்ட அன்று, மூன்று பேருக்கும் டீ வாங்க நான் எதிர்க்கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பாயின் குரல் வாசலிலேயே கேட்டது.

"சென்னையில இருக்கற அந்தப் பெரிய காலேஜு போன வருசம் நூத்தித் தொண்ணூறு கட் ஆஃபுக்கே கெடச்சிருக்குதுங்க. உனக்கு நூத்தித் தொண்ணூத்தி மூணு. கண்ண மூடிட்டுப் போடலாம் கண்ணு. ஆனா கோயம்புத்தூரும் ஒண்ணும் மட்டமில்ல. பக்கமுமாச்சு."

"எங்கம்மாவுக்கும் பக்கமாச்சுங்களே பாய்."

பாய் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள். "எந்நேரமும் பாத்துக்கிட்டே இருக்குங்க பாய். பீஸத் திருப்பித் திருப்பிப் பாக்கற மாதிரி. எனக்கு மூச்சு விடணும்."

டீ ஆறுவதற்குள் உள்ளே போய்க் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "கோயம்புத்தூர்தான் மொதல்ல போட்டிருக்கேம்மா" என்றாள். நான் தலையாட்டினேன்.

ஒதுக்கீடு வந்தது, சென்னைதான். கம்ப்யூட்டரே மாற்றிக் கொடுத்துவிட்டது என்றாள். அதையும் நம்புவதுபோல் இருந்தேன். கிடைத்த இடம் வேண்டுமென்றால் மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டுமாம். அதற்கு ஒரு எண் வரும். பதிந்திருந்தது என் போன் நம்பர். அன்றைக்கே முடித்துவிடலாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயே அமுக்கும்மா. ஓன் கையால அமுக்கு."

"இன்னைக்கு நவமி தாயி," என்றேன். "நல்ல காரியம் தொடங்கக் கூடாது. நாளைக்குத் தசமி. மத்தியானம் சோத்துக்கு வர்றேன், அமுக்குவோம்." அவளுக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கையில்லை. எனக்காகச் சரி என்றாள்.

மத்தியானம் நான் போகவில்லை. மடியில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிறகு பாய் கடையிலிருந்து அவள் முயன்றிருக்க வேண்டும், எண் வந்தது. எழுத்துக்கூட்டி முழுதும் படித்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தமிழிலேயே போட்டிருந்தது. அழித்தேன். இன்னொன்று வந்தது. அதையும் அழித்தேன்.

நாலு மணி வாக்கில் வாட்ச்மேன் பெருமாள்சாமி மேலே வந்தார். "அக்கா, பாப்பா வந்து கேட்டுல நிக்குதுங்க. ஏதோ நம்பர் வேணுமாமுங்க. அழுகுதுங்க."

நான் இல்லை, வேறு யூனிட்டுக்குப் போய்விட்டேன் என்று சொல்லச் சொன்னேன். அவர் தயங்கினார். "ஒரு பையன் சமாச்சாரம்ண்ணே," என்றேன். "போனைக் குடுத்தா இன்னைக்கே கிளம்பிருவா." அவர் கீழே இறங்கிப் போனார். பெற்றவள் சொன்னால் யார்தான் மறுத்துக் கேட்பார்கள்.

என் மேசை சன்னலோரம். கேட் தெரியும். வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், செருப்பில்லாமல். ஓடிவந்திருப்பாள் போல. நான் பீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் கையிலிருந்து போன எதுவும் திரும்பி வரவில்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். ஐந்து மணிச் சங்கு ஊதியபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரவு மடியில் போட்டுத் தேற்றினேன். போனை மேசையிலேயே வைத்துவிட்டு வேறு யூனிட்டுக்குப் போய்விட்டேன் என்றேன். "நாந்தாம்மா நேத்தே அமுக்கியிருக்கணும்," என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு, மிச்சமிருந்த காலேஜ்களுக்கு இன்னொரு சுற்று நடந்தது. அவள் போகவில்லை. பையன் சமாச்சாரம் அதற்குள் வீதிக்கு வந்திருந்தது, அவள் வெளியே தலைகாட்டுவதில்லை. நான்தான் பேசி, என் மேசைக்குப் பக்கத்து மேசையில் சேர்த்துவிட்டேன்.

நல்ல கண் டீச்சர் அவளுக்கு. எதையும் தவறவிடுவதில்லை. என்னிடம்தான் அதிகம் பேசுவதில்லை. அறுத்த இடம், கொஞ்ச நாளில் தெரியாமல் போய்விடும்.

முந்தாநாள் சனிக்கிழமை முதல் சம்பளம் வாங்கினாள். போகிற வழியில் பாய் கடையில் நின்று, முந்நூற்று ஐம்பதை எண்ணி மேசையில் வைத்தாள். "சீட்டுக் கெடைக்காததுக்கு நான் எப்படி வாங்கறதுங்க" என்று அவர் தள்ளித் தள்ளி வைத்தார். அவள் விடவில்லை. வாங்கிக்கொண்டார்.

இனி எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.