விட்டுப்போன துண்டு

தட்டக் கீழ வைக்காதண்ணே, கையிலயே வச்சிரு. எம்மக பவதாரிணிய ஒம்மகனுக்குக் கேட்டு வந்திருக்க, தெரியுது. மொறப்பொண்ணு, உரிமை, எல்லாஞ்சரி. மொதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. எம்மகன் சோணை எதனால செத்தான்?

சாமி குத்தமா? வாயில நல்லா வருது எனக்கு. தல நிக்கல, காலு அசையல, கடைசியில மூச்சிழுக்கக்கூடத் தெம்பில்ல புள்ளைக்கு.

பள்ளிக்கூடத்துல பயாலஜி எடுக்குறவ சொல்றேன், கேளு. நம்ம ஒடம்புல செல்லு இருக்குல்ல, அது ஜீனப் பாத்து ஆர்.என்.ஏன்னு ஒரு நகல் எடுக்கும். எடுத்தத அப்படியே வச்சுக்கிடாது. டெய்லரு மாதிரி வெட்டும், வேண்டாதத எறியும், மிச்சத்த ஒட்டும். சோணைக்கு நரம்பக் காப்பாத்துற ஜீனு எங்க ரெண்டு பேருகிட்ட இருந்துமே வரல. மாத்துக்கு இன்னொண்ணு இருக்கு. ஆனா அதோட நகல ஒட்டும்போது, நடுவுல வேணுங்கிற ஒரு துண்ட செல்லு விட்டுருது. அம்புட்டுதான். அந்தத் துண்ட விடாமச் சேக்க இப்ப ஊசி இருக்கு. அன்னைக்கு எம்புள்ளைக்கு இல்ல.

ஆமா, அந்தக் கோளாறு நானும் எம்புருசனும் குடுத்ததுதான். அத்த மகன்னு நீதான முன்னாடி நின்னு கட்டி வச்ச? புள்ளயப் பொதச்ச மண்ணு காயல, எங்க ரத்தத்துல கோளாறில்ல, இவ வயிறு சரியில்லன்னு சிம்மக்கல் டீக்கடையில ஒக்காந்து ஊருக்கே சொன்ன. நான் என்ன வேற ரத்தமா?

கத்தாத. பவதாரிணி உள்ளதான் இருக்கா. அவளுக்கு டெஸ்ட் எடுத்தாச்சு, அந்தக் கோளாறுல ஒரு பங்கு இருக்கு. அவள ஒண்ணும் செய்யாது. கட்டிக்கிறவனுக்கும் இருந்தாத்தான் புள்ளைக்கு ஆபத்து.

ஒம்மகனுக்கு எப்படி இருக்கும்ங்கிறியா? திடமாத்தான் இருக்கான். நானுந்தான் இருக்கேன்.

போன மாசம் ஒம்மகன் அழகுராஜாவே வந்தாண்ணே. எனக்கும் பாத்துருங்கத்தேன்னு கைய நீட்டுனான். கே.கே. நகரு லேபுல போயி டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தோம். நேத்து சொல்லிட்டாக. ஒங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு, அப்பா தட்டோட வருவாரு, நீங்களே சொல்லிருங்கத்தேன்னுட்டுப் போயிட்டான்.

இருக்கு. அவனுக்கும் இருக்கு.

மதினி வழியாவா? அவுகளும் கூட வந்து பாத்துக்கிட்டாகண்ணே. அவுகளுக்கு இல்ல. மிச்சம் ஒன் ரத்தந்தான்.

தட்டு சாயுது பாரு. இப்ப வேணா தட்டக் கீழ வையி.