திறப்பு இல்லாத ரலி

– எனக்குச் சரியா ஞாபகம் எண்டு சத்தியம் பண்ணேலாது நானா. அப்பா சாகேக்க எனக்கு ஒன்பது வயசு. ஆனா அப்பா இந்தச் சைக்கிளை யாழ்ப்பாணத்தில ஒரு டொக்டரிட்ட வாங்கினவர் எண்டுதான் மனசில கிடக்கு.

– டொக்டரிட்டயோ?

– டொக்டர், இல்லாட்டி நீதவான். ஆரோ பெரிய ஆள். சைக்கிளைப் பாருங்கோவன். சும்மா ஆக்கள் வச்சிருக்கிற சாமானே இது?

– அது இருக்கட்டும். சும்மா ஆக்களும் சைக்கிள் ஓடுறவைதானே மகன். நீர் எங்கயிருந்து வாறீர்?

– ஸ்கந்தபுரம். நிரஞ்சன் எண்டு பேர். நில அளவைக் கந்தோரில வேலை. ஞாயிறில சைக்கிள் ரேஸ்.

– ஸ்கந்தபுரத்திலயிருந்து தண்ணீரூற்று மட்டும் இதிலயோ ஓடி வந்தனீர்?

– ஓம், எழுபது கிலோமீற்றருக்கு மேல. ரேஸ் ஓடுறது வேற சைக்கிள், கார்பன். ரெண்டு விரலில தூக்கலாம். ஆனா அது மெஷின் நானா. இதுதான் சைக்கிள். ஐம்பத்தெட்டாம் ஆண்டு ரலி. பின் ஹப்பைப் பாருங்கோ, 58 எண்டு அடிச்சிருக்கு. மூண்டு கியர். தோல் சீற். ஆறு வருசமா ஒவ்வொரு நட்டாத் தேடினனான். பெல் காலியில எடுத்தது. டைனமோ வவுனியாவில ஒரு பழைய இரும்புக் கடையில. பெடல் இங்கிலாந்திலயிருந்து தபாலில வந்தது.

– அப்ப அரைவாசி வேற ஆக்களின்ர சைக்கிள்.

– இல்லை நானா! எல்லாம் அதே வருசம், அதே கொம்பனி. ஒரிஜினல்.

– சரி, ஒரிஜினல். அது இருக்கட்டும். நான் என்ன செய்ய வேணும்?

– உங்களிட்டப் பழைய திறப்புகள் இருக்காம். அம்மாதான் சொன்னவா, தண்ணீரூற்றுச் சந்தியில ஆதம்பாவா எண்டு ஒருத்தர் கடை வச்சிருக்கிறார், அவரிட்டப் போய்க் கேள் எண்டு. இஞ்ச பாருங்கோ, முன்சில்லைப் பிடிக்கிற போர்க்கில பூட்டு. ஹாண்டிலைச் சரிச்சுப் பூட்டினா நேராத் திரும்பாது. உருட்டினா வட்டமடிச்சு வந்து உங்கட காலிலதான் முட்டும். அதின்ர திறப்பு இல்லை.

– இவ்வளவு நாளும் இல்லாமத்தானே ஓடினனீர்?

– வாற ஞாயிறு கொழும்பில பழைய சைக்கிள் கண்காட்சி நானா. மற்ற எல்லாம் சரி. திறப்பு இல்லாட்டி முதலிடம் இல்லை எண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டாங்கள்.

– அம்மாவோ என்னட்ட அனுப்பினவா?

– ஓம். அவா கதைக்கிறதே குறைவு. நேற்று அதிசயமாத் தானா வந்து கதைச்சா. வான் பிடிச்சு ஏத்தாத, ஓடிக்கொண்டே போ எண்டா. பிறகு ஒரு பகிடியும் விட்டா, வரேக்க பஸ்ஸில வா எண்டு. மாகாணத்தில மூண்டாவதா வந்தவனுக்கு!

– பொறும் மகன், பார்ப்பம். பூட்டை ஆர் உடைச்சது?

– ஆரோ ஒரு மடையன். உளி வச்சு அடிச்சிருக்கிறான். உள்நாக்கு வளைஞ்சு போச்சு. ஒரு மாசம் இருந்து நான் அதைச் சரிப்பண்ணினன். இனித் திறப்புப் போட்டாப் பூட்டும். இப்பிடி ஒரு சாமானில உளி வைக்க எப்பிடித்தான் மனம் வந்துதோ.

– அவசரமா இருந்திருக்கும்.

– என்ன அவசரம்? திறப்பைத் தேடியிருக்கலாம்தானே.

– ஓம். தேடியிருக்கலாம். சபூறா! தேத்தண்ணி ரெண்டு கொண்டு வா.

– கொண்டு வந்திட்டன். என்னத்துக்கு இந்தச் சத்தம்... அல்லாவே! இஞ்ச பாருங்க, இது எங்கட...

– தேத்தண்ணியை வை.

– அந்தப் பின் மட்காட்டைப் பாருங்க, அந்த நெளிவு...

– வை எண்டுறன்.

– அதைப் பார்க்காதேங்கோ ராத்தா. கொண்டுபோக முதல் தட்டி எடுத்திடுவன்.

– தட்டாத மகன்! புதுப்பெண்ணை ஏத்திக்கொண்டு இந்த மனுசன் மதகுக்குள்ள விட்டது அது. எனக்கு முழங்கால் போச்சு, இவர் மட்காட்டைத் தடவிக்கொண்டு நிண்டவர்.

– நீங்களோ ராத்தா? இந்தச் சைக்கிளிலயோ?

– மகன், பூட்டில ஒரு நம்பர் இருக்கும். வாசியும்.

– அறுநூற்றிப் பதினேழு. எனக்குப் பாடம். ஆனா நானா, ராத்தா என்ன சொல்லுறா...

– இந்தா, இதை வாசியும்.

– பொறுங்கோ... அறுநூற்றி... நானா. இது எங்கயிருந்தது?

– என்ர இடுப்பு வாரில.

– முப்பத்தஞ்சு வருசம் மகன். படுக்கையிலயும் வார் கழட்ட மாட்டார். திறப்பு இருக்கு, சைக்கிள் இல்லை. அதைத் துடைச்சுத் துடைச்சு வைப்பார்.

– இது என்ர வாப்பாட சைக்கிள். தொண்ணூறில முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அண்டைக்கு, முள்ளியவளையில பக்கத்து வளவுக் கணபதியிட்ட விட்டனான். பார்த்துக்கொள், நீயே ஓடு எண்டு சொல்லி விட்டனான். பிறகு பழக்கத்தில பூட்டி, திறப்பை வாருக்குள்ள போட்டுக்கொண்டு லொறியில ஏறிட்டன். புத்தளத்தில இறங்கினாப் பிறகுதான் கையில தட்டுப்பட்டது.

– ஓடச் சொல்லிக் குடுத்திட்டு ஓடேலாமப் பூட்டினவர். உலகத்தில இவர் ஒருத்தர்தான்.

– கணபதி என்ர அப்பா.

– நீ வாசலில இறங்கேக்கயே தெரியும். மூக்கு அவன்ர மூக்கு.

– ஆனா டொக்டரிட்ட வாங்கினதெண்டு...

– நல்ல கதைதான் சொல்லியிருக்கிறான். சோனகற்ற சாமான் கொட்டிலுக்குள்ள கிடக்கு எண்டு அப்ப வாய்விட்டுச் சொல்லேலுமோ? அண்டைக்கே வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பினம். டொக்டர்தான் சைக்கிளைக் காப்பாத்தினவர்.

– அப்பா இதை ஓடி நான் பார்த்ததே இல்லை. சாக்கால மூடி, மாதத்தில ஒருக்கா எண்ணெய் பூசுவார். நான் தொட்டா அடி விழும். அவர் பெரிய சேகரிப்பாளர் எண்டு நினைச்சன் நானா. இந்தப் பைத்தியம் எனக்கு அப்பாட்டயிருந்து வந்தது எண்டு ஊருக்கெல்லாம் சொன்னன். கண்காட்சிக்காரருக்கு எழுதியும் குடுத்திட்டன்.

– எழுதினது எழுதினதா இருக்கட்டும். அவங்களுக்கு என்ன தெரியும்.

– மிச்சத்தையும் சொல்லுங்க. பாதியில நிப்பாட்டாதேங்க.

– சபூறா...

– நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்.

– சமாதான காலத்தில கணபதி புத்தளத்துக்கு வந்தவன். எங்கட கொட்டிலைத் தேடிப் பிடிச்சு. சைக்கிள் வச்ச இடத்தில இருக்கு, திறப்பைத் தா, நானே கொண்டு வந்து தாறன் எண்டான். நான் குடுக்கேல்ல. நான் என்ர ஊருக்கு வந்து என்ர கையால திறப்பன் எண்டு சொன்னன். ரோசம். அவனில ஒரு பிழையுமில்லை. ஆனா எங்களைத் தேடி வந்தவன் அவன் ஒருத்தன்தான். வேற ஆரில காட்டுறது?

– தேத்தண்ணி ஆறுது மகன்.

– அப்ப உளி வச்சது அப்பாவோ?

– உன்ர அம்மா எழுதினா. ஞானேஸ்வரி எண்டு கையெழுத்து. சண்டை முடிஞ்சு, செட்டிகுளம் முகாமிலயிருந்து ஒரு கடிதம்.

– எனக்குப் பாடம் மகன். இவருக்கு வாசிச்சுக் காட்டினது நான். ‘உங்கட சைக்கிள் பூட்டை மாசி மாதம் உடைச்சுப்போட்டம். அவர் கடைசிமட்டும் வேண்டாமெண்டு நிண்டவர். மகனுக்குக் காலில காயம், தூக்கிக்கொண்டு நடக்கேலாமப் போச்சு. அவர் இப்ப இல்லை. சைக்கிளை வட்டுவாகல் பாலத்தடியில விட்டிட்டு வந்தம். எங்களைப் போக விட்டினமெண்டால் தேடி எடுத்து உங்களிட்டச் சேர்ப்பன். பூட்டுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ.’

– பின் கரியரில இருந்தது ஞாபகம் இருக்கு. எங்கட சைக்கிளில தங்கச்சியும் சாமானும். அப்பா தள்ளினவர். ஹாண்டில் ஒரு பக்கம் இழுக்குது எண்டு ஏசிக்கொண்டு தள்ளினவர். உளி ஞாபகம் இல்லை.

– நான் பதில் எழுதேல்ல. பூட்டுக்கு மன்னிப்புக் கேக்கிற மனுசிக்கு என்ன எண்டு எழுதுறது? ஊருக்குத் திரும்பி வந்தும் ஸ்கந்தபுரம் பக்கம் போகேல்ல. பதினைஞ்சு வருசம்.

– அம்மா போய் எடுத்தவா. சனம் விட்டிட்டு வந்த சைக்கிள் குவியலுக்குள்ள ரெண்டு நாள் நிண்டவாவாம். எங்கட சைக்கிளும் அதுக்குள்ளதான் கிடந்தது, அதை விட்டிட்டு இதைக் கொண்டு வந்தவா. ஏனெண்டு நான் கேக்கவே இல்லை. ரலியெல்லோ எண்டு சந்தோசப்பட்டன்.

– அவா எப்பிடி இருக்கிறா?

– இருக்கிறா. தோட்டத்தில கச்சான் கடலை போட்டிருக்கிறா. தங்கச்சி பிரேமிளா கலியாணம் முடிச்சு வவுனியாவில. அப்பாவைப் பொக்கணையில தாட்டது. இடம் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பழைய வளவில வேற ஆக்கள் இருக்கினம்.

– சரி. திறப்பு இனி உன்ர. கொண்டு போ. கொழும்பில முதலிடம் எடு. கணபதி எண்ணெய் பூசினது, நீ பூட்டுத் திருத்தினது. எனக்கு இதில என்ன இருக்கு?

– ஓம் மகன், கொண்டு போ. இந்த வயசில இவர் ஏறினா அடுத்த நெளிவு முன் மட்காட்டிலதான்.

– எல்லாம் ஒரிஜினல் எண்டு சொல்லிக்கொண்டு வந்தன், நானா.

– ஒரிஜினல்தான். போட்டுப் பார், வேலை செய்யுதோ எண்டு.

– ...

– பூட்டுதோ?

– ஓம். வெண்ணெய் மாதிரி.

– அப்ப திற. வெயில் ஏற முதல் வெளிக்கிட வேணுமெல்லோ.

– திறப்பை வாருக்குள்ள போடுங்கோ நானா. கிளிநொச்சி பஸ் எத்தினை மணிக்கு?