ஒட்டுக்கு ஓர் ஓட்டு

மேசை மணியை மடியிலேயே வைத்துக் காத்திருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்த மூத்தோர்களே! கம்பளிக்குள்ளிருந்தும் கைதட்டத் தவறாத தாய்மார்களே! என் கத்தரிக்கு நம்பித் தலைகொடுக்கும் தோழர்களே! வணக்கம்.

வெட்டுவது என் தொழில். முடிதிருத்தும் நானே இன்று ‘வெட்டாதீர்கள்’ என்று வேண்ட வந்திருக்கிறேன்!

நம் குடியிருப்புத் தோட்டத்து நாற்றுகளைப் பிடுங்கிவிட்டு, கார் நிறுத்தத் தளம் போடலாமா? இதுதான் இன்றைய வாக்கெடுப்பு. இலை கொட்டிவிட்டதாம், செத்துவிட்டதாம். செத்ததா அது? யார் சொன்னது? அது மூன்றிலை முள் ஆரஞ்சு. குளிரில் இலை உதிர்க்கும், வசந்தத்தில் துளிர்க்கும். அதன் வேரில் ஒட்டுக் கட்டினால்தான் எலுமிச்சை இந்த ஊர்க் குளிரைத் தாங்கும்.

போன வாரம் என் அத்தான் அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். “ஒரு இலைகூட இல்ல. சுத்தமா போயிடுச்சு” என்றார். அக்கா நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே பச்சைப்பசேல்! “மேல ஒண்ணும் இல்லன்னா செத்துடுச்சுன்னு அர்த்தமா? அப்போ உங்க தலையைப் பாத்து நான் என்னன்னு நினைக்கிறது?” என்றாள்.

தலைவர் அவர்களே, தொப்பியைச் சரிசெய்ய வேண்டாம். தங்களைச் சொல்லவில்லை!

சிரிக்கிறீர்கள். ஆனால் அக்கா அன்று அழுதாள். உறைபனியில் பட்டுப்போன நம் பழைய எலுமிச்சையின் கடைசிக் குச்சிகள், ஈரத்துணி சுற்றி, அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. வசந்தத்துக்குள் ஒட்டாவிட்டால் அவையும் போய்விடும். வேரே இல்லையென்றால் எதில் ஒட்டுவது? சிமெண்டிலா?

என்ன ஐயா, பின்னாலிருந்து? “வேற செடி வாங்கிக்கலாம்” என்கிறீர்களா? வாங்கலாம். எத்தனையோ குளிரைத் தாங்கி, கேட்டவர்க்கெல்லாம் காய் கொடுத்த நம் மரத்தை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

சவரக்கத்தியைத் தீட்டி வைத்துவிட்டேன். பட்டையை நான் கீறுவேன், அக்கா குச்சியின் மொட்டைச் செருகுவாள். அது துளிர்க்கும், தழைக்கும், காய்க்கும்! நான் கேட்பதெல்லாம் ஒட்டுக்கு ஓர் ஓட்டு. எழுத்தில் ஒரு சுழிதான் வித்தியாசம், அதைப் போடுவது உங்கள் விரல்!

நாற்று நிற்கட்டும் என்போர் கை உயர்த்துங்கள். அதோ, முதல் கை! அத்தான், அது உங்கள் கையா? பிடுங்கிய கையே முதலில் உயர்ந்தபின் எனக்கு இங்கே என்ன வேலை? தலைவர் அவர்களே, எண்ணத் தொடங்குங்கள். அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்!