பி.பி. இறங்கும்வரை ஏழாவது சீசன் நல்ல சீசன்

ஹலோ… ஹலோ, யாரு?… நளினியா! சொல்லுமா, அப்பாவ உள்ள கூட்டிக்கினு போய்ட்டாங்களா?… இன்னாது, இன்னும் இல்லியா? மணி பத்தரை ஆவுதே… பி.பி. எவ்ளோ?… நூத்தி எழுவத்தாறா! ஐயோ. காலைல மாத்திர போட்டானா?… போட்டானா. அப்புறம் இன்னாத்துக்கு ஏறுது?…

ஆமா… ஆமா… தெரியும்மா, போன வாட்டியும் இப்டித்தான் கோலார்ல இருந்து திருப்பி அனுப்ச்சாங்க. அதுக்கு முந்தின வாட்டியும். இது மூணாவது. நூத்தம்பதுக்குக் கீழ வந்தாத்தான் டாக்டர் கண்ணத் தொடுவாரு, அது நியாயந்தான். பைப்புல பிரஷர் ஏறிக் கீறப்ப யாராவது வால்வக் கழட்டுவாங்களா? அவர் மேல தப்பே இல்ல. எத்தினி மணி வரைக்கும் டைம்?… பதினொன்ற… சரி, ஒரு மணி நேரம் கீது.

இன்னா சொல்றான்?… நான் இன்னாத்த சொல்லணுமாம்?… லான்டர்ன் கடைசி எபிசோடா! கண்ணு ஆப்ரேசனுக்குப் போய் பட்த்துக்கினு உங்கப்பன் சீரியல் கதையா கேக்கறான்?… "கண்ணு போயிட்ச்சின்னா அப்பால எங்க பாக்கறது, சைலஸ் இப்பவே சொல்லட்டும், இல்லன்னா உள்ள வரமாட்டேன்"… அப்டியேவா சொன்னான்?… இல்லமா, சிரிக்கல. தெரிஞ்சி போச்சி, அவனுக்கு பயம். பயத்துலதான் ஏறுது.

நளினி, ஒரு சங்கதி. அவன் காதுல வுழாம கொஞ்சம் வெளிய வா… வந்துட்டியா? நான் அத்த இன்னும் பாக்கல… ஆமாமா, பாக்கவே இல்ல. வெள்ளிக்கெழமையே வந்துட்ச்சி. முப்பது வருசமா ஒரே டிவி முன்னால ஒக்காந்து பாத்தவங்க, கடைசிய ஒண்டி நான் தனியா எப்டி பாக்கறது? போன சீசன்ல அவனுக்கு திரை பூரா பனி மாதிரி தெரிஞ்சப்ப பக்கத்துல ஒக்காந்து வாயாலயே படம் காட்னவன் நான். ஆனா அவன் இன்னா நெனச்சிக்கினு கீறான், சைலஸுக்கு ஏது பொறும, முதல் நாளே பாத்துட்ருப்பான்னு. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேத்து சர்ச்சுல, கடைசி எபிசோட பாத்துட்ட எல்வின் பக்கத்துல வந்து ஒக்காந்தான், கதைய அவுத்து வுட்டுடுவானோன்னு எழுந்து பாட்டுக் குழுவோட போய் நின்னுட்டேன். பாட்டே தெரியாது எனக்கு…

சரி, குடு போன அவன் கைல. ஸ்பீக்கர்ல போடு. சிஸ்டர் நம்பர் சொல்றது எனக்கும் கேக்கணும்… கதைதானே? உண்டாக்கிடலாம் வுடு.

டேய் சம்பங்கி! இன்னாடா, கட்டில்ல ராஜா மாதிரி பட்த்துக்கினு… ஆமா… ஆமாடா, பாத்தேன். முழுசா பாத்தேன்… ரெண்டு வாட்டி பாத்தேன்… சொல்றேன்டா, அதுக்குத்தானே வந்தேன். மொதல்ல சாஞ்சி படு. கைய தளர வுடு, பட்டி கட்டிக் கீற கைய ஆட்டினா நம்பர் தப்பா காட்டும்…

யாரு பேசறது, சிஸ்டரா? நமஸ்காரா சிஸ்டர், தமிழ் பருத்தா?… ஸ்வல்ப ஸ்வல்பவா, சாகு சாகு, கொஞ்சம் தெரிஞ்சாலே போதும். லான்டர்ன்னா இன்னான்னு கேக்கறீங்களா? சொல்றேன். டேய், நீ கம்முனு இரு, அவங்களுக்கும் தெரியணும் இல்ல. அது ஒரு சீரியல் சிஸ்டர். ஆகாசத்துல ஒரு கப்பல், அதுக்குப் பேரு லான்டர்ன். பன்னெண்டு சீசன், நாலு கேப்டன். கேப்டனுங்க மாறிக்கினே இருப்பாங்க, இஞ்சினியர் ஒண்டி அதே ஆளு, டோபின்னு. கேப்டன் மேல நின்னு ஆர்டர் போடுவாரு, டோபின் கீழ பம்ப் ரூம்ல கெடந்து கப்பல ஓட்டுவான். இவனுக்கு டோபின்னா உசிரு. போன வாரம் கப்பல் ஒடைய ஒடைய டோபின் அடில மாட்டிக்கினான், கதவு பூட்டிக்கிச்சி, "தொடரும்"னு போட்டுட்டான். இப்ப அவன் பொழச்சானா செத்தானான்னு சொன்னாத்தான் ஐயா ஆப்ரேசனுக்கு வருவாரு… அதான், நல்லா கேளுங்க, கொழந்தையாட்டம்…

சரி, ஆரம்பிக்கறேன். மொதல் சீன்… பம்ப் ரூம் பூரா தீ. டோபின் நடுவுல நிக்கறான், பொகை… எவ்ளோ சிஸ்டர்?… நூத்தி எண்பதா? அணஞ்சிட்ச்சிடா! தீ அணஞ்சிட்ச்சி! தீயே இல்ல… அது பொகை… பொகைகூட இல்ல, ஆவி. யாரோ டீ போட்டுக்கினு இருந்தாங்க… ஆமாடா, கப்பல் ஒடையறப்ப டீ குடிக்கக் கூடாதா? நீ குடிச்சதில்ல? நம்ம மைன்ஸ்ல ஷிஃப்ட் முடியறப்ப கேஜ் ரோப் ஜாம் ஆயி அம்பது பேரு மேல வர முடியாம கீழ நின்னப்ப, உன் பிளாஸ்க்க எவன் தொறந்தான்?… அதான். டோபினும் மனுசந்தான்.

அப்புறம் கேப்டன் டெல்மா வர்றா… டேய், டேய், திட்டாத, ஆஸ்பத்திரி அது… நூத்தி எழுவத்தெட்டா. சரி போய்ட்டா. வந்தா, பாத்தா, போய்ட்டா. எனக்கும் அவளப் புடிக்காதுன்னு வெச்சிக்க. மீதி எபிசோட்ல அவ தலையே காட்டல…

இசபெல்லா, குக்கர எறக்கு! எத்தினி விசில்!… ஒண்ணுமில்லடா, என் பொண்டாட்டி. நீ சாஞ்சி படு.

டோபின்… டோபின் உயிரோட கீறான்டா… ஆமா… ஆமாடா, சத்தியமாலாம் கேக்காத, நான் கிறிஸ்டியன், சத்தியம் பண்ணக் கூடாது. கீறான். கைகால் எல்லாம் கரெக்டா கீது… நூத்தி அறுவத்தஞ்சா? பாத்தியா, எறங்குது. எப்டி தப்பிச்சான்னா, பம்ப் ரூமுக்குப் பின்னால ஒரு சின்ன அறை. அதுக்கு ரெண்டு கதவு. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. வெளிக் கதவுக்கு அப்பால காத்தே இல்லாத ஆகாசம். டோபின் இன்னா பண்றான், ரெண்டு கதவயும் ஒரே நேரத்துல தொறக்கறான். உள்ள கீற காத்து குபீர்னு வெளிய பாயுது, அந்த வேகத்துல அவன் பறந்து போய் எதுக்கால நிக்கற சின்னப் படகுல… இன்னாடா?… இன்னா "இரு இரு"?…

…

இல்ல, அது… ரெண்டும் ஒண்ணா தொறக்க… ஆமா… ஆமா, ஒண்ணு சாத்தினாத்தான் இன்னொண்ணு தொறக்கும்… அதுக்குத்தான் ரெண்டு கதவே வெச்சிகீறாங்க, தெரியும்டா… நான்தான் உனக்கு சொல்லிக் குடுத்தேன், ஞாபகம் கீது… சிரிக்காத… டேய், சிரிக்காதடா, இருமல் வரும்…

இன்னா சிஸ்டர், சிரிப்பு ஏன்னா? அவனயே கேளுங்க… அவனால முடியலியா? நானே சொல்றேன். மைன்ஸ்ல சொரங்கப் பாதைல காத்துக்கதவுன்னு ரெண்டு ரெண்டா போட்ருப்பாங்க. காத்து சோம்பேறி சிஸ்டர், எங்க சுருக்கு வழி கெடச்சாலும் அங்கியே பூந்துடும். ரெண்டு கதவும் ஒண்ணா தொறந்தா, கீழ் லெவலுக்குப் போவ வேண்டிய காத்து குறுக்கால போயிடும், கீழ கீறவன் மூச்சு முட்டிச் சாவான். அதனால ஒண்ண சாத்திட்டு அப்புறந்தான் இன்னொண்ணு. சின்னப் பசங்களுக்குக்கூட தெரியும். எனக்கு… எனக்கு வாய் தவறிட்ச்சி. எவ்ளோ காட்டுது?… இன்னாது?… நூத்தி அம்பத்தெட்டா?

…

டேய் சம்பங்கி. நான் தப்பு பண்ணா உனக்கு எறங்குதா?… ஒண்ணுமில்ல, சொம்மா கேட்டேன்.

சரி, கதைய அப்புறம் சொல்றேன். இன்னொண்ணு மனசுல கீது. அந்த நாலாவது சீசன், தண்ணி இல்லாத ஊர்ல டோபின் பம்ப் போடுவானே. பம்ப மேட்டு மேல வெச்சி நூறடி ஆழத்துல இருந்து தண்ணிய உறிஞ்சுவான். முடியாதுன்னு நீ சொன்ன. முடியும்னு நான் சண்டை போட்டேன்… ஆமா, தொண்ணூத்தெட்டுல… நீ சொன்னதுதான்டா சரி… ஆமா, சரின்னேன். மேல இருந்து உறிஞ்சினா முப்பது அடிக்கு மேல தண்ணி ஏறாது, எப்பேர்ப்பட்ட பம்பா இருந்தாலும் சரி. நமக்குத் தண்ணி குடுத்த பேத்தமங்களா ஏரில, பம்ப் கரைல நின்னுக்கினு தள்ளிச்சி, இங்க நம்ம ஊர்ல வெச்சி உறிஞ்சல. தள்றதுக்கு கணக்கில்ல, உறிஞ்சறதுக்குத்தான் கணக்கு… மறுபடி சொல்லணுமா? சம்பங்கி சொன்னது சரி, சைலஸ் சொன்னது தப்பு. சிஸ்டர் சாட்சியா?… சந்தோஷம். எவ்ளோ?… நூத்தி அம்பத்திரெண்டு.

மணி?… பதினொண்ணு இருவது… டாக்டர் வந்து நிக்கறாரா? டாக்டர், ரெண்டே நிமிசம் சார்… ரெண்டு பாயின்ட்டுதானே சார்…

டேய்… கேளு. ஏழாவது சீசன்…

…

ஏழாவது சீசன் நல்ல சீசன்டா.

…

ஹலோ? லைன்ல கீறியா?… ஆமா, அதே ஏழாவதுதான். இஞ்சின கழட்டிட்டு ஒரு கல்ல வெச்சான், எல்லாரும் சுத்தி நின்னு பாடினா கப்பல் ஓடும். அதேதான்… ஆமா, பாதிலயே எழுந்து போனேன்… மூணு வாரம் உன்னோட பேசல, ஆமா… இசபெல்லா, நீ ஏன் கரண்டிய கீழ போட்டுட்டு ஓடியாறே? சரியாத்தான் கேட்ட, போய் வேலையப் பாரு… இல்லடா, யோசிச்சிப் பாத்தேன். எல்லாத்துக்கும் மெக்கானிசம் வேணுமா இன்னா? அந்த சீசன்ல நீ அழுத. ஒருத்தன அழ வெக்குதுன்னா உள்ள ஏதோ ஓடுதுன்னுதானே அர்த்தம்? அது எந்த கியருன்னு எனக்குத் தெரியல, அவ்ளோதான்…

இன்னா சிஸ்டர்?… ஏறுதா? நூத்தி அம்பத்தஞ்சா! ஏன்டா ஏறுது, நல்லதுதானே சொன்னேன்?… இல்ல, எனக்கு ஒடம்பு நல்லாத்தான் கீது… நெஞ்சு வலிலாம் இல்லடா… யார்கிட்டயும் கடைசியா பேசறா மாதிரி பேசல… டேய் பைத்தியம், கேளு, கேளு! அந்தப் பாட்டு ஒண்டி கேவலம்! கல்லும் கேவலம், ஜிகினா ஒட்டின செங்கல்லு அது! சீசன்தான் நல்லாருந்துச்சின்னேன், கல்லு நல்லாருந்துச்சின்னு சொன்னனா?… ஆங், இப்ப நம்பறியா? சைலஸ்தான்டா பேசறேன், வேற யாரு…

எவ்ளோ?… சொல்லுங்க… நூத்தி நாப்பத்தாறா! கழட்டாதீங்க சிஸ்டர், டாக்டருக்குக் காட்டுங்க… பாத்துட்டாரா? சரின்னாரா?… கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

டேய், தள்ளிக்கினு போறாங்களா? போ… இன்னா? எனக்குக் கேக்கல, சக்கர சத்தம்… நெஜமா பாத்தேனா இல்லியான்னா கேக்கறே? பொய் சொல்வனா உன்கிட்ட?… சிஸ்டர் முன்னால என்ன மானம் கெடுக்காத. வெளிய வந்து நீயே பாரு, டோபின் எந்தக் கதவால வந்தான்னு… அங்க பேசாத, தலைய ஆட்டாத, டாக்டர் சொல்றத கேளு. இருவது வருசம் மைன்ஸ்ல நீ கீழ பெல் அடிச்ச, உன் மூஞ்சியே பாக்காம பெல்ல ஒண்டி கேட்டு நான் மேல இருந்து ஆள ஏத்தி எறக்கற கேஜ ஓட்னேன். ஒரு நாளாவது இடிச்சனா? அவரும் அப்டித்தான், பாத்துப்பாரு.

…

இன்னாடா அது, டொக்கு டொக்குன்னு? போன்ல தட்றியா?… மறுபடி தட்டு… ரெண்டு.

… ரெண்டு பெல்லு. சரி. கேஜ எறக்கறேன். மெதுவாத்தான் எறக்கறேன், போ.

…

நளினி? நீயா?… கதவ சாத்திட்டாங்களா? நல்லது. ஒக்காருமா, தண்ணி குடி… அழுவறியா, சிரிக்கறியா?… அப்ப சரி, சிரி.

… டோபின் நெஜமா கீறானான்னு எனக்கு எப்டிமா தெரியும்? கட்டு பிரிச்சி, டாக்டர் பாக்கலாம்னு சொன்னப்புறம் கூட்டிக்கினு வா. அதுவரைக்கும் எல்வின் வந்தா வீட்ல யாரும் இல்லன்னு சொல்லச் சொல்லிகீறேன்…

ஏழாவது சீசனா? அது மருந்துமா. மருந்தாக் குடுத்தது கணக்குல சேராது… பம்பா? அதுவும் பாதி மருந்துதான்… ரெண்டு கதவா? அது… ஆமாமா, அதயும் வேணும்னேதான் சொன்னேன்… ஏன், நம்பலியா?… உங்கப்பன் மாதிரியே கேக்கறியே…

சரி. அது நெஜமாவே மறந்துட்டேன். நாப்பது வருசமா ஊருக்கெல்லாம் வெளக்கம் சொன்னவன், எனக்கே மறந்து போச்சி. அவன் கைல சொல்லிடாத… சொல்லித்தான் ஆவணுமா? அடிப்பாவி… இரு. நாளைக்கு கட்டு பிரிக்கறப்ப மறுபடி பி.பி. பாப்பாங்களா?… பாப்பாங்களா. அப்ப ஒண்ணு பண்ணு. எறங்கி இருந்தா வாயத் தொறக்காத.

ஏறிச்சின்னா ஒண்டி சொல்லு. ஒரு பத்து பாயின்ட் எறங்கும்… வெச்சிடறேன்.