மூணாம் நம்பர் மெஷின்

பூந்தமல்லியில் காலை நேரத்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். எனக்கு அன்று ஜன்னலோரமே கிடைத்தது. முன் சீட்டில் இருவர், திருமழிசையில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரே பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"பாய், உங்காளுங்களுக்கு எய்ட்ஸே வராதாமே!"

"யார்ரா சொன்னது?"

"பேப்பர்ல போட்டுகீறான். சுன்னத் பண்ணவங்களுக்கு அந்த நோவு கம்மியாம். ஆப்பிரிக்கால பாத்துட்டு சொல்றாங்கோ. இன்னொரு டாக்டரு, அவங்க பழக்கவழக்கமே வேற, அதனாலகூட இருக்கும்னு சண்டைக்கு நிக்கறாரு."

"கம்மின்னு போட்டுகீறானா, வராதுன்னா?"

"கம்மின்னுதான்."

"அந்தப் பேப்பர எங்க ஊட்டுப் பக்கம் கொண்டாராதே. என் தங்கச்சி புருஷன் பம்பாய்க்கு லாரி ஓட்டறான். இப்பத்தான் பேசிப் பேசி நிரோத் வாங்க வெச்சிகீறேன். இதப் படிச்சா, நமக்குத்தான் சின்ன வயசுலயே பண்ணியாச்சேன்னு தூக்கிப் போட்டுடுவான்."

"இன்னா பாய், நல்ல சேதிதானே சொன்னேன்?"

பாய் வலது கையைத் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"இது எங்க போச்சு?" என்று அவரே கேட்டார்.

"மூணாம் நம்பர் மெஷின்ல."

"கை மாட்டாம இருக்க அதுல தடுப்பு இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு."

"தடுப்பு கீதேன்னுதானே பராக்கு பாத்துகினே கைய உட்டேன்!"

இருவரும் சிரித்தார்கள். மற்றவர் பேப்பரை எட்டாக மடித்து சீட்டில் போட்டு, அதன்மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

"உங்க ஊட்டுப் பக்கம் வராது பாய்."