அது நான் இல்லை என்று சொன்னால் போதும்

— அழிக்கிறதுக்கு இது என்ன சிலேட்டா சிஸ்டர்? கவர்மெண்டு கம்ப்யூட்டரு. நான் ஒரு பேர ஏத்திட்டா தேனியில இருக்கிற ஆபீசரும் பாப்பாரு, மெட்ராசுல இருக்கிறவரும் பாப்பாரு.

— ஏத்திட்டீகளா மேடம்?

— இன்னும் இல்ல. அதுக்குத்தானே ஆசுபத்திரிக்குப் போன் போட்டு ஒங்கள இந்த ஸ்டேஷனுக்கு வரச் சொன்னேன். எங்க மாமனாரு நெஞ்சுவலியில கெடந்தப்ப பெத்த மக மாதிரி பாத்தீக. அந்த நன்றிக்குத்தான். வேற ரைட்டரா இருந்தா இந்நேரம் பட்டனத் தட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பாக.

— எங்கம்மா பேரு எப்பிடி மேடம் இதுக்குள்ள வந்துச்சு? அது ஒரு வம்புதும்புக்கும் போகாதே.

— மேல இருந்து புதுசா உத்தரவு. இந்த ஸ்டேஷன்ல இதுவரைக்கும் கைதான அத்தன பேரையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். பேரு, வயசு, என்ன குத்தம், எந்த நாடு. உள்நாடா வெளிநாடான்னு போடலேன்னா அடுத்த ஆளுக்கே போக விடாது. பழைய கட்டுகளப் பிரிச்சு ஏத்திக்கிட்டே வந்தேனா, எம்பத்தேழு மே மாசத்துல நிக்குது. இராசமலர், வயசு இருவத்து மூணு, நாடு இலங்கை, திருட்டு. இராசமலருன்னு இந்தப் பக்கத்துல யாரு இருக்கா? அகதி கேம்ப்புல ஒங்கம்மா ஒருத்தர்தான்.

— என் குடியுரிம மனுவும் இப்ப ஒங்ககிட்டதான் மேடம் இருக்கு.

— தெரியும். போலீசு ரிப்போர்ட்டு இன்னிக்குச் சாயந்தரம் போயாகணும். ஒங்க மேல ஒரு தூசி கெடையாது. ஆனா குடும்பத்துல யாரு மேலயாச்சும் வழக்கு உண்டான்னு ஒரு கேள்வி வருதுல்ல. அங்கன போயி, 'தாய், அயல்நாட்டவர், திருட்டு வழக்கில் கைது'ன்னு நான் எழுதினா, மனு அங்கனயே படுத்துரும்.

— மூணாவது மனு மேடம் இது. மொதல்ல குடுத்தது என்னாச்சுன்னே தெரியல. ரெண்டாவது, காயிதம் பத்தலன்னு திரும்பி வந்துருச்சு. எங்கூட நர்சிங் படிச்சவளுக எல்லாம் கவர்மெண்டு வேலையில இருக்காளுக. நான் இன்னும் அதே தனியார் ஆசுபத்திரியில, அதே பெஞ்சுல உக்காந்திருக்கேன்.

— நான் என்ன, வேணும்னேவா செய்யுறேன்?

— ஒங்களச் சொல்லல மேடம். எங்க வீட்டுக்காரரு இந்த ஊருக்காரரு. ஓட்டுப் போடுற அன்னிக்கு மாமியா, நாத்தனா, கொழுந்தன் எல்லாரும் கெளம்பிப் போவாக. உள்ள போன் கொண்டு போகக் கூடாதுல்ல, எல்லாப் போனையும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போவாக. நான் மடியில கட்டிக்கிட்டு வெளிய நிப்பேன். விரல்ல மையோட வந்து வாங்கிக்குவாக. சிரிச்சுக்கிட்டேதான் குடுப்பேன். வீட்டுக்கு வந்து குளிக்கப் போனாத்தான் அழுகையே வரும்.

— அழுகாதீக. வழி ஒண்ணு வச்சிருக்கேன், அதுக்குத்தான் கூப்புட்டதே. இந்தக் கட்டுல அந்தப் பொண்ணப் பத்தி பேரு, வயசு, நாடு அம்புட்டுத்தான் இருக்கு. அப்பன் பேரு இல்ல, புருசன் பேரு இல்ல. மிச்சத் தாள கரையான் தின்னுருச்சு. அந்த இராசமலரு ஒங்கம்மாதான்னு காட்ட எங்கிட்ட ஒண்ணும் கெடையாது. அவுகளே வந்து 'அது நான் இல்ல'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஆள் அடையாளம் தெரியலன்னு எழுதி மூடிட்டு, ஒங்க ரிப்போர்ட்ட நல்லபடியா அனுப்பிருவேன்.

— அது எங்கம்மா இல்லதான் மேடம். சும்மா சொல்லல. இந்தா, கேம்ப் அட்டையப் பாருங்க. நாங்க படகுல வந்து எறங்கினது எம்பத்தேழு செப்டம்பரு. நான் நாலு மாசக் கைப்புள்ள. அப்ப மே மாசம் எங்கம்மா மன்னார்ல பிரசவத்துக்குப் படுத்துக் கெடக்கு. அங்கன படுத்துக் கெடந்தவ இங்கன வந்து எப்பிடித் திருடுவா?

— அட, இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. அட்டையே பேசுதே. அம்மா எங்கன?

— வெளிய வேப்ப மரத்தடியில நிக்குது. வாசல் வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல காலு நகர மாட்டேங்குது.

— ஸ்டேஷனுன்னா யாருக்குத்தான் நகரும்? போயிக் கூட்டிட்டு வாங்க.

— அம்மா, வா. ஒண்ணும் இல்ல, நம்ம ஆசுபத்திரிக்கு வர்ற பாண்டீஸ்வரி மேடந்தான். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிரலாம்.

— வாறன், வாறன். கையை விடு விஜி. நான் நடப்பன்.

— உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீகளா?

— வேண்டாம் பிள்ளை. கதவுக்கு வேற நிறம் அடிச்சுப் போட்டியள் என்ன? முந்தி பச்சை.

— எந்தக் கதவச் சொல்றீக?

— அது எதையாச்சும் பேசும் மேடம். நீங்க கேக்க வேண்டியதக் கேளுங்க.

— அம்மா, நான் கேக்குறதுக்கு ஆமா, இல்ல, அம்புட்டுத்தான். எம்பத்தேழு மே மாசம், ஆத்தங்கரையில காயப்போட்ட சேல ஒண்ணத் திருடுனதா இராசமலர்ங்கிற பொண்ண இங்கன கைது பண்ணியிருக்காக. அது நீங்க இல்லதானே?

— புகார் குடுத்தது ஆரெண்டு கிடக்கு?

— அது எதுக்கும்மா ஒனக்கு? இல்லன்னு சொல்லு, போவோம்.

— நீ பொறு விஜி. சொல்லு பிள்ளை, ஆர் குடுத்தது?

— ஜெய்த்தூன் பீவின்னு போட்டிருக்கு. எங்களுக்கு ரொம்ப வேண்டப்பட்ட ஆளுதான். போன மாசங்கூட, பக்கத்து வீட்டு ஆடு எம் முருங்கையத் தின்னுருச்சுன்னு வந்து உக்காந்துட்டாக. புகார் குடுக்காட்டி அவுகளுக்குத் தூக்கம் வராது.

— உயிரோட இருக்கிறாவே?

— கல்லுக்குண்டு மாதிரி இருக்காக. எனக்கு அதுதான் பயமே. யாராச்சும் அவுகளக் கூப்புட்டு அடையாளம் காட்டச் சொன்னா வம்பாப் போகும். நான் கூப்புடப் போறதில்ல. நீங்க இல்லன்னு சொல்லுங்க, முடிச்சிருவோம்.

— கடவுளே, அந்த மனுசியை நீ நல்லா வைச்சிரு.

— அம்மா, மேடத்துக்கு வேல கெடக்கு.

— அது நான்தான் பிள்ளை.

— அம்மா.

— அந்தச் சீலையை எடுத்தது நான்தான்.

— மேடம், எழுதிராதீக. அதுக்கு வயசாகிருச்சு, யாரு கதையோ சொல்லுது. நாங்க வந்ததே செப்டம்பரு. அட்டையில இருக்குல்ல.

— அட்டையில கிடக்கிறது உன்ர மாமா சொல்லிக் குடுத்தது. நான் வந்தது மாசி மாசம். நீ என்ர வயித்தில. உன்ர அப்பா, பின்னால வாறன் எண்டு சொல்லி என்னை மட்டும் வள்ளத்தில ஏத்திவிட்டவர். அவர் வந்து சேர்ந்ததுதான் செப்டம்பர். அவர் வந்த கையோட, மூண்டு பேரும் ஒரே வள்ளத்தில வந்த ஆக்கள் எண்டு மாமா பதிஞ்சு விட்டார். தனித்தனியா வந்தது எண்டா கேள்வி கேப்பினம், அட்டை கிடைக்காது எண்டு அவருக்குப் பயம்.

— அதுவரைக்கும் எங்கம்மா இருந்தீக?

— இஞ்சதான் பிள்ளை, மாமாவோட ஒரு திராட்சைத் தோட்டத்தில. காவல் குடிசை. சுத்தி எல்லாம் ஆம்பிளையள். பிள்ளை பிறந்தா சுத்திறதுக்கு ஒரு முழத் துணி என்னட்ட இல்லை. ஆரிட்டப் போய்க் கேக்கிறது? ஆத்தங்கரையில ஒரு பழைய நூல் சீலை காய்ஞ்சுகொண்டு கிடந்தது. தொட்டுப் பாத்தன், நல்ல மெது. எடுத்திட்டன். கரை ஏறேல்லை, பிடிச்சுப் போட்டினம்.

— வயித்துப் புள்ளத்தாச்சியவா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்தாக?

— சீலையை ஆர் பிள்ளை பாத்தது? நான் கதைக்கிற கதையைக் கேட்டிட்டு, எந்த நாடு, எப்ப வந்தனீ, ஆரோட வந்தனீ, அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு இருந்தவை. நான் பதில் சொல்லிக்கொண்டு இருக்கேக்கதான் நோவு எடுத்தது.

— என்னம்மா சொல்ற நீ?

— இந்தக் கம்ப்யூட்டர் நிக்குதே, இதிலதான் அப்ப ஒரு மர பெஞ்சு கிடந்தது. பொம்பிளைப் பொலிஸ் ஒருத்தரும் இல்லை. புகார் குடுக்க வந்து நிண்ட ஜெய்த்தூன் பீவி அம்மாதான் பொலிஸ்காரர் எல்லாரையும் வெளியில கலைச்சுப் போட்டுக் கதவைச் சாத்தினவ. தன்ர கையாலதான் பிள்ளையை வாங்கினவ. அந்தச் சீலையாலதான் சுத்தினவ.

— எந்தப் புள்ளைய?

— உன்னைத்தான் விஜி. பின்ன ஆரை? முன் கடையில ரெண்டு தேக்கரண்டி சீனி வாங்கிக் கரைச்சு, உன்ர நாக்கில தடவினதும் அவதான். இந்த ஊரில அதுக்கு ஒரு பேர் சொல்லுவினம்.

— சேன வைக்கிறதும்மா.

— ஓம் பிள்ளை, சேனை. சேனை வைச்ச ஆளின்ர குணம்தான் பிள்ளைக்கு வருமாம், இது என்னைப் போல சண்டைக்காரியாத்தான் வரும் எண்டு சொல்லிச் சிரிச்சவ. புகாரும் வேண்டாம், சீலையும் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, நனைஞ்ச முந்தானையோட நடந்து போனவ.

— அப்ப மன்னாரு? மன்னார்ல வேப்பங்காத்துல பொறந்தே, ஒங்க அப்பத்தா தாலாட்டுச்சுன்னு சொன்னதெல்லாம்?

— சொன்னனான்.

— இம்புட்டு வருசமா ஏம்மா சொன்ன?

— பொலிஸ் ஸ்டேஷனில பிறந்த பிள்ளை எண்டு சொல்லி உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுறியோ? களவெடுத்தவளின்ர மகள் எண்டு தெரிஞ்சா உன்னை ஆர் கட்டியிருப்பினம்? கேம்ப்புக்குள்ள ஒரு சொல் வெளிக்கிட்டா அது சாகும் வரைக்கும் கிடக்கும். அதுக்குத்தான் வாயை மூடினனான்.

— இன்னிக்கும் மூடியிருக்கலாம்ல. ஒரே ஒரு வார்த்ததானே கேட்டேன். எனக்காக ஒரு வார்த்த.

— மூடிக்கொண்டுதான் வந்தனான். வரும் வழியெல்லாம் 'அது நான் இல்லை, அது நான் இல்லை' எண்டு சொல்லிப் பழகிக்கொண்டுதான் வந்தனான். அவ இன்னும் உயிரோட இருக்கிறா எண்டு இந்தப் பிள்ளை சொல்லுது. அது நான் இல்லை எண்டா, அவ வாங்கின பிள்ளை நீயும் இல்லை எண்டு ஆகுது. உன்னை முதல் முதல் தூக்கின கையை இல்லை எண்டு சொல்ல எனக்கு ஏலாது விஜி.

— போச்சு. எல்லாம் போச்சு. எந்திரிம்மா. மேடம், நீங்க எழுதுறத எழுதிக்கங்க, ஒங்கள நான் குத்தம் சொல்லல. இனிமே மனுவும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

— சிஸ்டர், செத்த உக்காருங்க. அம்மா, நீங்க இன்னொரு தடவ சொல்லுங்க. இவுக பொறந்தது இந்த ஸ்டேஷன்லதானா?

— ஓம் பிள்ளை. இந்த இடத்தில.

— கைது பண்ணுன அன்னிக்கேவா?

— அண்டைக்குத்தான். சித்திரை முடியேல்லை. வெயில் கொளுத்தினது.

— நாளைக்கு வேற யாராச்சும் கேட்டா மாத்திச் சொல்ல மாட்டீகளே?

— இனி எதைப் பிள்ளை மாத்துறது?

— ஏன் சிஸ்டர், ஒங்க வக்கீலு ஒங்ககிட்ட எங்கன பொறந்தீகன்னு கேக்கவே இல்லையா?

— கேட்டாரு. மன்னாருன்னு சொன்னேன். அப்ப மனுப் போடுறதத் தவிர வேற வழியில்லன்னுட்டாரு. ஏன் மேடம், அத வச்சு என்ன இப்ப?

— எம்பத்தேழு ஜூலை ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி இந்த நாட்டுக்குள்ள பொறந்திருந்தா, அப்பனாத்தா எந்த நாட்டுக்காரவுகளா இருந்தாலும் சரி, அந்தப் புள்ள பொறப்பாலயே இந்தியா. சட்டம் அது. இந்தக் கம்ப்யூட்டர் வேலைக்குப் பயிற்சி குடுத்தப்பவே எங்களுக்குச் சொன்னாக.

— புரியல மேடம்.

— நீங்க யாருகிட்டயும் போயிக் கேட்டு வாங்க வேண்டியதே இல்லைங்கிறேன். இங்கன பொறந்து விழுந்த அன்னிக்கே அது ஒங்களுக்கு இருக்கு. இருக்கிற ஒண்ணுக்குப் போயி மூணு மனுப் போட்டிருக்கீக.

— அம்மா, கேட்டியா?

— கேட்டனான். நீ அழாத.

— நான் அழுகல. நீதான் அழுகுற.

— ரெண்டு பேருந்தான் அழுகுறீக. கேளுங்க, நாளைக்கே கைக்கு வந்துராது. என்னால குடுக்கவும் முடியாது. வக்கீல வச்சு கோர்ட்டுல நிரூபிக்கணும், அலையணும். ஆனா அம்மா மே மாசமே இங்கன இருந்தாகங்கிறதுக்கு இந்த வழக்குதான் ஆதாரம். பொறந்ததுக்கு ஜெய்த்தூன் பீவி சாட்சி. சேன வச்ச புள்ளைய இந்தப் பக்கத்துல யாரும் மறக்க மாட்டாக. அவுக கூண்டுல ஏறுனா எதிர் வக்கீலு வாயத் தொறக்க முடியாது.

— அவவை நான் பாக்கவேணும் பிள்ளை.

— நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா அம்மா, ஒண்ண யோசிச்சுச் சொல்லுங்க. வழக்கு இருக்கணும்னா, திருடுனவுக இடத்துல ஒங்க பேருதான் இருக்கும். எந்த ஊரு ஸ்டேஷன்ல பட்டனத் தட்டுனாலும் வரும். ஒங்களுக்குப் பின்னாடியும் அது அப்பிடியே கெடக்கும். வேணாம்னா இப்பவும் ஆள் தெரியலன்னு மூடிரலாம், என் கையிலதான் இருக்கு.

— எனக்கு என்ன பிள்ளை, நான் எடுத்தது உண்மைதானே. சிறுமைப்படப் போறது அவள். அவளைக் கேள்.

— என்ன சிஸ்டர், காலையில இருந்து அழிங்க அழிங்கன்னு நின்னீக. என்ன செய்யட்டும்?

— எங்கம்மா திருடுனது நெசந்தான்னு எழுதுங்க மேடம்.