ஏழாவது ரோல்

திங்கட்கிழமை காலை எட்டே கால் மணி இருக்கும். திருப்பூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில், பனியன் கம்பெனி அட்டை மாட்டிய ஒரு பெண்ணும் ஓர் ஆணும் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார்கள்.

“ரெண்டு கம்ப்யூட்டர் பாஷையை ஒரே ஃபைல்ல எழுத வேண்டாம்னு அப்பவே சொன்னனுங்க,” என்றார் அந்த ஆண். “என்னோட ‘ஆர்’ பாஷை ஒண்ணுல இருந்து எண்ணும். உங்க பைத்தான் சைபர்ல இருந்து எண்ணுது.”

“அதனால என்னங்க?”

“துவைச்சா சுருங்குறது ஏழாவது துணி ரோலுன்னு ஆர் சரியாத்தான் சொல்லுச்சு. சைபர்ல இருந்து எண்ணினா ஏழுங்கிறது எட்டாவது ரோலுங்க. அந்த நம்பரை அப்படியே எடுத்து உங்க பைத்தான் நல்ல துணியை ஒதுக்கச் சொல்லி லிஸ்ட் அனுப்பிருச்சு.”

“அப்ப சுருங்குற ரோலு?”

“கட்டிங் டேபிளுக்குப் போயிருக்குமுங்க.”

அந்தப் பெண் உடனே கட்டிங் மாஸ்டருக்குப் போன் போட்டார். “அண்ணா, ஏழாவது ரோலை வெட்டீட்டீங்களா?”

ஸ்பீக்கரில் பதில் வந்தது. “இல்லீங்க கண்ணு. ஒன்பது வரைக்கும் ராகு காலம். புது ஆர்டருக்கு நான் கத்தி வைக்க மாட்டேன். போன வாரம் இதைச் சொல்லித்தான நீங்க மேனேஜர்கிட்ட என்னைப் போட்டுக் குடுத்தீங்க?”

அந்தப் பெண் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணா, பத்தரைக்கு எமகண்டம் இருக்குதுங்க. அதையும் முடிச்சிட்டே வெட்டுங்க.”